இரண்டும் ஆறும்

தோட்டத்து வீடு, குரங்கணிக்கு மேல்
21 ஜனவரி 2024

அன்புள்ள தமிழ்செல்விக்கு,

மதினி எழுதுகிறேன். குளிர் இன்னும் விடவில்லை, மற்றபடி மேலே இருக்கிற எல்லாரும் சுகம். உன் அண்ணனுக்கு ஏலக்காய்க் கடைசி எடுப்பு நடக்கிறது. விடிந்ததும் காட்டுக்குள் போனால் பொழுது சாயத்தான் வருகிறார். அத்தை என்னைப் பார்த்துக்கொள்வதற்காகப் போடியிலிருந்து வந்திருக்கிறார். பார்த்துக்கொள்கிறார் என்பது சரியான சொல். கட்டிலை விட்டுக் கால் கீழே இறங்கினால் பார்க்கிறார். ஒரு செம்புத் தண்ணீர் தூக்கினால் பார்க்கிறார். வாயால் ஒன்றும் சொல்வதில்லை.

பொங்கலுக்கு வந்தவள் ஒரு ராத்திரிகூடத் தங்காமல் ரயிலைப் பிடித்து மதுரைக்கு ஓடிவிட்டாய். அப்படி என்ன தலைபோகிற சோலி என்று உன் அண்ணன் இன்னும் முணுமுணுக்கிறார்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. இங்கே டவர் இல்லாதது உனக்குத் தெரியும். வளைவுப் பாறைமேல் ஏறி நின்றால் கொஞ்சம் எடுக்கும். ஆனால் அதற்குக் கீழேதான் காய் எடுக்கிற பொம்பளைகள் பத்துப் பேர் இருப்பார்கள். முட்டை, கரு என்று அவர்கள் தலைக்குமேல் நின்று கத்த முடியுமா? ஜீப்பு ஓட்டும் தவசி அண்ணன் தினமும் போடிக்கு லோடு கொண்டுபோகிறார். அவர் தபாலில் போட்டுவிடுவார். பதிலையும் குரங்கணியில் அவர் வீட்டு விலாசத்துக்கே அனுப்பு. போடி வீட்டுக்குப் போட்டால் உறையைப் பிரித்த பிறகுதான் என் கைக்கு வரும்.

ஒன்பது முட்டை எடுத்ததில் இரண்டுதான் ஐந்து நாள் தாண்டிக் கருவாக நின்றது என்று ஆஸ்பத்திரியில் ஞானசெல்வி சிஸ்டர் சொன்னார். இரண்டாம் எண்ணும் ஆறாம் எண்ணும். இரண்டையும் உறையவைத்துவிட்டார்களாம். என் உடம்பு தேறியதும் மார்ச் முதல் வாரத்தில் ஒன்றை மட்டும் வைப்பார்களாம். போன தடவை இரட்டை தங்கி, ஐந்தாம் மாதத்தில் இரண்டும் போய், நானும் பாதி வழி போய்த் திரும்பினேன் அல்லவா, அதனால் இனி ஒன்றுக்கு மேல் கிடையாது என்று கிருபாராணி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நீ அதே கட்டடத்தில்தானே வேலை செய்கிறாய். ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தாயா? இரண்டில் எது லட்சணமாக இருக்கிறது? விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

உன் மதினி,
முத்துப்பிரியா


மதுரை
29 ஜனவரி 2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. உறையைத் திறந்ததும் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசனை. பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் எட்டிப் பார்க்கவில்லை மதினி. சொந்தக்காரி என்பதால் உங்கள் மருத்துவக் கோப்பையோ கருவையோ தொடமாட்டேன் என்று டாக்டரிடம் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களுடையதை எல்லாம் ராம்பிரசாத் சார்தான் பார்க்கிறார். நிதானமான கை, பயப்பட வேண்டாம். எனக்கு இப்போது ஆய்வு வேலை மட்டும்தான்.

முட்டை எடுத்த அன்று நாலு பக்கத் தாள் ஒன்றில் கையெழுத்துப் போட்டீர்களே, அது இந்த ஆய்வுக்குத்தான். வெளியே எடுக்கும்போது முட்டையைச் சுற்றிப் பஞ்சு மாதிரிச் சின்னச் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டை வளர்ந்த காலமெல்லாம் அதற்கு ஊட்டம் கொடுத்தவை. முட்டையைச் சுத்தம் செய்யும்போது அவற்றைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுவோம். குப்பைக்குப் போகிற அந்தச் செல்களைச் சோதித்தால், எந்த முட்டையிலிருந்து வந்த கரு தங்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? அதைத்தான் பார்க்கிறோம். ஒவ்வொரு முட்டையின் செல்லையும் தனித்தனிக் குழாயில் போட்டு, இயந்திரத்தில் வைத்து, ஒரு மதிப்பெண் எடுப்போம். அது யாருக்கும் தெரியக்கூடாது. டாக்டருக்கும் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. ஆய்வு முடிந்த பிறகுதான் பூட்டைத் திறந்து, எந்தக் கரு தங்கியது என்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சொன்னால் புரியும் என்று நீளமாக எழுதிவிட்டேன்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். அம்மா பார்ப்பதைப் பொருட்படுத்தாதீர்கள். அவருக்குப் பயம், அதைக் காட்டத் தெரியாது.

உங்கள்,
செல்வி


தோட்டத்து வீடு
11 பிப்ரவரி 2024

அன்புள்ள செல்விக்கு,

வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்கு மதுரை வந்தேன். நீ மேல்மாடியில் இருந்தாயாம். இறங்கி வரவில்லை. விதி என்றால் விதி, அது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன்.

கர்ப்பப்பை நன்றாக இருக்கிறதாம். மார்ச் ஆறாம் தேதி, புதன்கிழமை. “ஆறாம் நம்பர வைப்போம்மா, செல்லெல்லாம் ஒரே சீரா இருக்கு” என்றார் டாக்டர். நானும் சரி என்று தலையாட்டினேன்.

ஊர் திரும்பும்போது உன் அண்ணன்தான் ஜீப்பு ஓட்டினார். குரங்கணி தாண்டி அந்த மூன்றாவது வளைவு வந்ததும் ஜீப்பை ஓரமாக நிறுத்தினார். எந்த இடம் என்று உனக்குத் தெரியாது. இரட்டைப் பிள்ளை போன அன்றைக்கு மழையில் மரம் சாய்ந்து, அரைமணி நேரம் நாங்கள் நின்ற இடம் அது. என் சேலை முழுக்க ரத்தம். அவர் அரிவாளை எடுத்து மரத்தை வெட்டிக்கொண்டு இருந்தார்.

அதே இடத்தில் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். “பிரியா, இதுதான் கடைசி. நின்னா சாமி புண்ணியம். நிக்கலைன்னா விட்ருவோம். இன்னொரு தடவ உன்னய அப்படித் தூக்கிப் போட்டுக்கிட்டு இந்த ரோட்ல வண்டி ஓட்ட என்னால ஆகாது.”

அப்படிச் சொல்கிறவரிடம் என்ன வாதாட முடியும்?

ஆக எனக்கு இருப்பது ஒரே ஒரு தடவை. கருவோ இரண்டு. இனி நான் கேட்பதைப் பொறுமையாகப் படி. வெள்ளிக்கிழமை ஞானசெல்வி சிஸ்டர் ஊசி போடும்போது பேச்சுவாக்கில் சொன்னார்: “அந்தச் செல் டெஸ்டு முடிஞ்சிருச்சும்மா, உங்க நாத்தனாதான் மெஷின்ல போட்டுச்சு.” நீதான் போட்டாயா? பார்த்தாயா? இரண்டுக்கும் ஆறுக்கும் என்ன வந்தது?

மதினி,
முத்துப்பிரியா


மதுரை
16 பிப்ரவரி 2024

அன்புள்ள மதினிக்கு,

இதை என்னிடம் கேட்காதீர்கள்.

குழாய்களில் பெயர் இருக்காது, குறியெண் மட்டும்தான். யாருடையது என்று எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடே. ஆனால் அன்றைக்கு மூன்று பேருக்குத்தான் முட்டை எடுத்தார்கள். ஒன்பது குழாய் இருந்தது ஒருவருக்குத்தான். அதைக் கண்டதும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. அது என் தப்பு.

அந்த மதிப்பெண்ணை வைத்து யாரும் எந்த முடிவும் எடுக்கக்கூடாது மதினி. இன்னும் நிரூபணம் ஆகாத விஷயம். போன வருடம் சின்ன அளவில் பார்த்தோம். நல்ல மதிப்பெண் வந்த பத்துக் கருவில் ஐந்து தங்கியது. குறைந்த மதிப்பெண் வந்த பத்தில் இரண்டு தங்கியது. அந்த வித்தியாசம் நிஜமா, தற்செயலா என்று தெரியாததால்தான் இப்போது முந்நூறு பெண்களிடம் பார்க்கிறோம். டாக்டர் கண்ணால் பார்த்து எடுக்கும் முடிவுக்கு இருபது வருட அனுபவம் இருக்கிறது. என் எண்ணுக்கு இரண்டு வருடம்கூட இல்லை.

வாயைத் திறந்தால் என் வேலை போகும். அதைவிட, தப்பாகச் சொல்லிவிட்டால்? அதை யோசியுங்கள். டாக்டர் சொன்னபடி செய்யுங்கள்.

அண்ணனை ரொம்ப யோசிக்க விடாதீர்கள்.

செல்வி


தோட்டத்து வீடு
20 பிப்ரவரி 2024

செல்வி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இரண்டும் ஒன்றுதான், பயப்படாமல் போங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் உறையோடு அடுப்பில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நீ அப்படி எழுதவில்லை. சொல்லமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆறுதான் மேல் என்றால் ‘டாக்டர் சொன்னதே சரி’ என்று சந்தோஷமாக எழுதியிருப்பாய். உன்னைப் பதினாலு வயதிலிருந்து பார்க்கிறேன். உனக்குப் பொய் சொல்ல வராது, மறைக்கவும் வராது.

பத்தில் ஐந்து, பத்தில் இரண்டு என்கிறாய். என்னிடம் பத்து இல்லை தாயி. ஒன்றுதான்.

உனக்குப் பதினெட்டு முடிந்ததும் ராசிங்காபுரத்துக் கோழிப்பண்ணைக்காரருக்குப் பேசி முடித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு உன் அண்ணனும் பேசவில்லை. வெளியிலிருந்து வந்த மருமகள் நான், கூடத்தில் நின்று ‘அது படிக்கட்டும்’ என்றேன். அத்தை எட்டு மாதம் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அதற்குக் கூலி கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே. ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு உன் வாழ்க்கையை ஊர் முடிவுசெய்தபோது, என்ன நடக்கிறது என்று உன்னிடம் வந்து சொன்ன ஒரே ஆள் நான்தான்.

இது என் உடம்பு. அந்த ஒன்பதும் என் உடம்பில் ஊறியது. அதைப் பற்றி உனக்குத் தெரிகிறது, இயந்திரத்துக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியக்கூடாது என்றால் என்ன நியாயம்? நான் போட்ட கையெழுத்தைச் சொல்வாய். வயிற்றுவலியில் சுருண்டு படுத்திருந்தவளிடம் நீட்டிய தாள் அது.

நாள் வெரசாப் போகிறது. ஒரே ஒரு எண் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

முத்துப்பிரியா


மதுரை
26 பிப்ரவரி 2024

மதினிக்கு,

இரண்டு.

ஒன்பதில் அதற்குத்தான் மிக நல்ல மதிப்பெண். ஆறுக்கு மிகக் குறைவு. ஒரு வரி எழுத மூன்று நாள் ஆனது. இது வெறும் சாத்தியம் என்பதை மறந்துவிடாதீர்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

செல்வி


மதுரை, விடுதியிலிருந்து
7 மார்ச் 2024

அன்புள்ள செல்விக்கு,

நேற்று நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் எண்ணை வைத்தார்கள்.

டாக்டரிடம் நானே கேட்டேன். “ஏம்மா, ஆறுன்னுதான பேசிருந்தோம்?” என்றார். “என்னமோ ரெண்டுதான் மனசுல நிக்குது டாக்டர்” என்றேன். கோப்பைத் திறந்து மறுபடி பார்த்தார். “ரெண்டும் நல்ல கருதான். மயிரிழை வித்தியாசத்துலதான் ஆறைச் சொன்னேன். ஒங்க விருப்பம்” என்று தாளைத் திருத்திக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். உன் பெயர் என் வாயில் வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ நின்றாய். நான் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாய். ஏன் குனிந்தாய்? இரவெல்லாம் அதே நினைப்பு. ஆனால் எனக்குப் பயம் இல்லை. கல்யாணமான பதினாலு வருடத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கி எழுந்தமாதிரி இருக்கிறது.

மதினி


மதுரை
10 ஏப்ரல் 2024

அன்புள்ள மதினிக்கு,

இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டுக்கும் பதில் இல்லை. கிடைத்ததா என்று தவசி அண்ணனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். கையில் கொடுத்துவிட்டேன் என்றார்.

மார்ச் பதினெட்டாம் தேதி உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு கணினியில் ஏறியபோது நான் கீழ்த்தளத்தில் இருந்தேன். கோப்பைத் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவள், அன்றைக்குத் திறந்து பார்த்துவிட்டேன். தங்கவில்லை என்று உங்களுக்குத் தெரிவதற்கு அரைமணி முன்னாலேயே எனக்குத் தெரியும். கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

நான் எழுதியிருக்காவிட்டால் ஆறைத்தான் வைத்திருப்பார்கள். அது தங்கியிருக்குமா? தெரியாது. என் தலைக்குள் இந்தக் கேள்வியைத் தவிர வேறு பேச்சே இல்லை.

போன திங்கட்கிழமை கிருபாராணி டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குழாயை அடையாளம் கண்டது, உங்களுக்கு எழுதியது, கோப்பைத் திறந்தது எல்லாமே. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். “பதினோரு மாசமா முந்நூறு பொம்பளைங்க நம்மள நம்பிக் குடுத்தது தமிழ்செல்வி. அதுல ஒங்க மதினியும் ஒருத்தங்க” என்று மட்டும் சொன்னார். உங்கள் பெயரை ஆய்விலிருந்து நீக்கிவிட்டார்கள். என்னையும் நீக்கிவிட்டார்கள். இப்போது வரவேற்பறைக்குப் பின்னால் பதிவேடு எழுதுகிறேன். நுண்ணோக்கி இருக்கும் மாடிக்கு என் அட்டை திறக்காது. வேலையை விட்டுத் துரத்தாததே பெரிது.

பாவம் பார்ப்பீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வேறு யார் வாயிலிருந்தாவது கேட்கக்கூடாது என்றுதான் எழுதினேன். திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

செல்வி


தோட்டத்து வீடு
12 ஜூன் 2024

செல்விக்கு,

மூன்று கடிதமும் கிடைத்தது. பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை. உன்மேல் கோபமா என்றால், முதல் மாதம் கோபம்தான். இப்போது கோபம் இல்லை. கேட்டது நான். கொடுத்தது நீ. இரண்டை வை என்று டாக்டரிடம் சொன்ன வாய் என்னுடையது. அதை உன் தலையில் கட்டினால் என் வாய்க்கு மரியாதை இல்லை.

இப்போது எழுதுவது வேறு காரணத்துக்கு.

நீ எண் எழுதி அனுப்பிய தாளைக் கிழிக்கச் சொன்னாய். நான் கிழிக்கவில்லை. அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தேன். போன வாரம் எலி வருகிறது என்று உன் அண்ணன் பானையை நகர்த்தினார்.

அவர் கத்தினார் என்று நினைப்பாய். இல்லை. படித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மருந்தடிக்கப் போய்விட்டார். சாப்பிட வந்தபோதுதான் பேசினார். “ரெண்டு பேருமா என்னைய வெளிய நிறுத்திட்டீங்க” என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு?

மருத்துவமனையிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. மீதி இருக்கும் கருவை வைத்திருக்கவா, விட்டுவிடவா என்று கேட்டு. ஜூன் முப்பதுக்குள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். உன் அண்ணன் ‘விட்டுவிடவும்’ என்ற கட்டத்தில் கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார். நான் வாதாடினேன். அவர் பையிலிருந்து உன் தாளை எடுத்து என்முன் வைத்தார்.

“இந்தா, ஒங்க ஆள் எழுதுனதுதான. ஆறுக்கு ரொம்பக் கொறச்சல்னு எழுதிருக்காள்ல? நல்லதுன்னு சொன்னதே நிக்கல. தேறாததுக்கு இன்னொரு தடவ ஒன்ன அந்தக் கட்டில்ல படுக்க வைக்கணுமா? அந்த ரோட்ல திரும்ப வரணுமா?”

அவர் காட்டியது உன் கையெழுத்து. அத்தை அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து, “கையெழுத்த நாளைக்குப் போட்டுக்கலாம், இப்பச் சாப்புடு” என்று என் தட்டில் மோர் ஊற்றினார். எட்டு மாதம் என் கையால் தண்ணீர் வாங்காத அதே கை.

படிவம் அலமாரியில் இருக்கிறது. என் கட்டம் காலியாக இருக்கிறது. இன்னும் பதினெட்டு நாள். உனக்குத் தெரிந்ததைச் சொல். இந்தத் தடவை மறைக்காமல், கூட்டாமல், குறைக்காமல் சொல்.

முத்துப்பிரியா


மதுரை
17 ஜூன் 2024

அன்புள்ள மதினிக்கு,

இதை அண்ணனுக்கும் படித்துக் காட்டுங்கள். பாதியை மறைத்து எழுதியதால் வந்த வினை இது. முழுதாக எழுதுகிறேன்.

அண்ணே, ஆறுக்குக் குறைந்த மதிப்பெண் வந்தது உண்மை. நான் பொய் எழுதவில்லை. ஆனால் ஒரு வேலை செய்துவிட்டேன். பத்தில் இரண்டு என்பதை நீங்கள் ‘தேறாது’ என்று படிக்கும்படி எழுதிவிட்டேன். பத்தில் ஐந்து என்பதை மதினி ‘கட்டாயம் தங்கும்’ என்று படிக்கும்படி எழுதிவிட்டேன். பத்தில் இரண்டு தங்கியது என்றால், போன வருடம் குறைந்த மதிப்பெண் வந்து, பிள்ளை பெற்று, இப்போது தடுப்பூசி போட எங்கள் மருத்துவமனைக்கு வந்துபோகும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்களுக்கு அந்த மதிப்பெண் தெரியாது. தெரிந்திருந்தால் அவர்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு இருந்திருக்காது. மதிப்பெண்ணை ஏன் பூட்டிவைக்கிறார்கள் என்று படிக்கும்போது மனப்பாடம் செய்தேன். இப்போதுதான் புரிகிறது.

நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் ஆறைத்தான் முதலில் எடுத்தார்கள். அதுவும் ஒரு கணக்குத்தான், அதுவும் தப்பலாம். என் எண்ணும் தப்பலாம். ஆறு தங்கும் என்று நான் சொல்லவில்லை. தங்காமல் போகவே வாய்ப்பு அதிகம். இதை மறைத்தால் மறுபடி பழைய தப்பு.

ஆனால் அண்ணே, உங்கள் பயம் ஆறாம் எண்ணைப் பற்றியது இல்லை என்று நினைக்கிறேன். அந்த வளைவைப் பற்றியது. அதற்கு என் தாளைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். ஒரு கரு மட்டும் வைத்தால் போன தடவை மாதிரி ஆகும் ஆபத்து மிகவும் குறைவு. இது கிருபாராணி டாக்டர் சொல்வது, நான் சொல்வது இல்லை. தங்கினால் முதல் நாளிலிருந்தே மலையை விட்டு இறங்கி, போடி வீட்டிலேயே இருக்கலாம். மதினி வேண்டாம் என்றால் வேண்டாம். வேண்டும் என்றால் தடுக்காதீர்கள். என்மேல் உள்ள கோபத்துக்கு என்னைத் திட்டுங்கள்.

உங்கள் தங்கச்சி,
செல்வி


தோட்டத்து வீடு
4 ஜூலை 2024

செல்விக்கு,

படித்துக் காட்டினேன். ‘அந்த வளைவைப் பற்றியது’ என்ற இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். மூன்றாம் நாள் விடிகாலையில் நான் காப்பி போடும்போது பின்னால் வந்து நின்றார்.

“நான் ஓட்டமாட்டேன்” என்றார்.

“சரி” என்றேன்.

“தவசியண்ணே ஓட்டட்டும். நான் பின்சீட்ல ஒம் பக்கத்துல ஒக்காந்து வர்றேன்.”

காப்பி பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

வேறு படிவம் வாங்கி, ‘வைத்திருக்கவும்’ என்ற கட்டத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டோம். இருபத்துநாலாம் தேதி, புதன்கிழமை, ஆறாம் எண்ணை வைக்கிறார்கள்.

ஒரு காரியம் செய். அன்றைக்கு லீவு போட்டுவிடு. அந்தக் கட்டடத்தில் நீ இருக்க வேண்டாம். உனக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். எனக்காகச் செய்.

மதினி


போடிநாயக்கனூர்
19 ஜனவரி 2025

அன்புள்ள செல்விக்கு,

இங்கே போன் நன்றாக எடுக்கிறது. நீயும் வாரம் தவறாமல் பேசுகிறாய், நானும் நல்லா இருக்கேன் என்கிறேன். ஆனால் இன்று சொல்லப்போவதைப் பேசிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் மறுபடி தாள்.

இருபத்தெட்டு வாரம் ஆகிவிட்டது. ஆறாம் எண் வயிற்றுக்குள் இருந்துகொண்டு என்னை உதைக்கிறது. ஐந்தாம் மாதம் முழுக்க உன் அண்ணன் தோட்டத்துக்கே போகவில்லை. அறுவடையைத் தவசி அண்ணன் தலையில் போட்டுவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் இருமினால் எழுந்துவிடுவார். அந்த மாதம் கழிந்த அன்று சிரைத்துக் குளித்து, மேலே கிளம்பிப் போனார். அத்தை இப்போது பார்ப்பதில்லை, பேசுகிறார். பேச்சை நிறுத்தினால் தேவலை என்று இருக்கிறது.

தை பதினெட்டு, வெள்ளிக்கிழமை, வளைகாப்பு. பத்திரிகை அடிக்கவில்லை. பக்கத்துச் சொந்தம் மட்டும். முதல் வளையல் நாத்தனார் கையால்தான் போட வேண்டும் என்று அத்தை உனக்குச் சேலைகூட எடுத்துவிட்டார்.

நீ வர வேண்டாம் செல்வி.

இதை எழுதிவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். காரணத்தைச் சொல்கிறேன், தப்பாக எடுக்காமல் படி. தீபாவளிக்கு வந்தாய் அல்லவா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உன் கண் என் வயிற்றுக்குப் போனது. ஒரு நொடிதான். பிறகு சிரித்தாய், பட்சணம் தின்றாய், பிள்ளைக்குப் பேர்கூடச் சொன்னாய். ஆனால் அந்த ஒரு நொடியில் நீ என்ன கணக்குப் போட்டாய் என்று நான் மூன்று நாள் யோசித்தேன். நீ ஒன்றும் கணக்குப் போட்டிருக்கமாட்டாய். ஆசையாகத்தான் பார்த்திருப்பாய். எனக்குத்தான் உன் முகத்தை வெறும் முகமாகப் பார்க்க முடியவில்லை. உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. நீ தலை குனிந்தால் ஒரு அர்த்தம், சிரித்தால் ஒரு அர்த்தம். அன்றிரவு பிள்ளை அசையாதமாதிரி தோன்றி உன் அண்ணனை எழுப்பி ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன். அங்கே போனதும் உதைத்தது.

இது உன் குற்றம் இல்லை. ஒரு எண் எழுது என்று அடம்பிடித்து வாங்கியது நான். அது உன்னை மாடியிலிருந்து இறக்கியது. என்னிடம் இருந்து எதை எடுத்தது என்றால், உன்னை எடுத்துவிட்டது, கொஞ்ச காலத்துக்கு. கூடத்தில் பத்துப் பேர் நடுவில் உன் கையில் என் கையைக் கொடுத்துவிட்டு, உன் முகத்தைப் பார்க்காமல் இருக்க என்னால் ஆகாது. பார்த்தால் பயப்படுவேன். இன்னும் பன்னிரண்டு வாரம் நான் பயப்படாமல் இருக்க வேண்டும்.

அத்தையிடம், உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். நம்பவில்லை. “நாத்தனா இல்லாம என்ன வளைகாப்பு” என்று முனகினார். பிறகு அவரே, “அது வந்தப்பறம் போட்டுக்கலாம்” என்று அந்தச் சேலையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டார். போனும் இனி உன் அண்ணனுக்குப் பண்ணு. எனக்கு வேண்டாம்.

சித்திரை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் என்று டாக்டர் தேதி குறித்திருக்கிறார். பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் உன் அண்ணன் உனக்குப் போன் பண்ணுவார். அப்போது பதிவேட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்பு. ரயிலுக்குக் காத்திருக்காதே, பஸ்சுக்கும் நிற்காதே. வண்டி பிடித்து வா.

அன்புடன்,
உன் மதினி
முத்துப்பிரியா